செயின்சாவுக்கு எத்தனை இன்ச் பார் போடுவது?

மரம் அறுக்கும் மிஷின் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் தகட்டின், இன்ச் கணக்குதான். "பதினெட்டு வேணுமா, இருபத்திரண்டு வேணுமா?" இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது. அதனால் கை தானாக நீளமானதன் பக்கம் போகும். தென்னந்தோப்பும் வேலியோரச் சீமைக் கருவேலமும் வைத்திருப்பவருக்கு 22 இன்ச் பார் பெரும்பாலும் வீண் சுமை. சிறிய எஞ்சினில் அதை மாட்டினால் கிளட்சையும் ஆயில் பம்பையும் சேர்த்தே தின்றுவிடும்.

அன்றாடம் அறுக்கும் மரத்தின் தடிமன், எஞ்சினின் இழுவை, பாருக்குப் போய்ச் சேரும் ஆயில் ஆகிய மூன்றும்தான் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும். தோட்டத்திலேயே பெரிய மரம் எது என்பது இந்தக் கணக்கில் வராது. ஆண்டுக்கு ஒருமுறை வெட்டும் அந்த ஒரு மரத்துக்காக மற்ற எல்லா நாளும் நீளமான பாரைச் சுமக்கிறவர்கள் ஏராளம். பத்தில் ஒன்பது வேலையை முடிக்கிற மிகக் குட்டையான பார் எதுவோ, அதுவே உங்களுக்குச் சரியான பார்.

பாரின் நீளத்தை எங்கிருந்து அளப்பது

பார் என்பது செயின் சுற்றி ஓடும் தட்டையான இரும்புத் தகடு. அதன் வால்பகுதி மிஷினுக்குள், மூடிக்குப் பின்னால் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். "18 இன்ச் பார்" என்றால் மிஷின் உடலின் முன்விளிம்பிலிருந்து பாரின் மூக்கு வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம். கழற்றிக் கீழே வைத்து முழுசாக அளந்தால் அதே பார் இரண்டு மூன்று இன்ச் கூடுதலாகக் காட்டும். பழைய பாரைக் கழற்றி, டேப் வைத்து முழுநீளத்தை அளந்து, "என்னுடையது 20 இன்ச்" என்று சொல்லி மாற்றுப் பார் வாங்கினால் அது பொருந்தாமல் போவது இதனால்தான்.

அளக்கும் முறை: மிஷினை அணைத்து, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றுங்கள். பார் வெளியே வரும் இடத்தில் டேப்பின் ஒரு முனையை வைத்து மூக்கின் நுனி வரை அளங்கள். 17¼ என்று வந்தால் அது 18 இன்ச் பார். 15½ வந்தால் 16. அடுத்த இரட்டைப்படை எண்ணுக்கு ஏற்றிச் சொல்வது இந்தத் தொழிலின் வழக்கம். பாரின் வால்பகுதியில் நீளமும், பின்னால் விளக்கும் பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை ஆகியவையும் பொறித்திருக்கும். ஆயிலும் தூளும் அப்பிக் கிடந்தால் மண்ணெண்ணெயில் துடைத்தால் தெரியும்.

முதலில் மரத்தை அளந்து எழுதுங்கள்

நம் ஊரில் மரத்தைச் சுற்றளவில்தான் பேசுவார்கள். பாருக்கு வேண்டியது விட்டம். சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். 38 இன்ச் சுற்றளவு என்றால் விட்டம் 12, 50 என்றால் 16, 63 என்றால் 20, 75 என்றால் 24, 94 என்றால் 30. நெஞ்சுயரத்தில் அளக்காதீர்கள். அறுக்கப்போகிற இடத்தில் சணல் கயிற்றைச் சுற்றி அளங்கள். அடிமரம் மேலே உள்ளதைவிட எப்போதும் பருமன்.

அடுத்த ஓராண்டில் நீங்கள் உண்மையில் அறுக்கப்போவது என்னென்ன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சவுக்கும் தைலமரமும் கம்பமாகவோ கூழ்மரமாகவோ போகும் வயதில் கைக்கு அடக்கமாகத்தான் இருக்கும். 4 இன்ச்சிலிருந்து 8 இன்ச். சீமைக் கருவேலம் தூரிலிருந்தே பல கிளையாகப் பிரிவதால் ஒவ்வொரு தண்டும் 10 இன்ச்சைத் தாண்டுவது அபூர்வம். தென்னையின் நடுமரம் பெரும்பாலும் 10 முதல் 14 இன்ச். தூர் மட்டும் குடம் போலப் பருத்திருக்கும். வேம்பும் பூவரசும் வீட்டோரத்தில் நிற்பவை 12 முதல் 20. புளி, அரசு, தூங்குமூஞ்சி ஆகிய மூன்றும்தான் கணக்கை உடைப்பவை. சாலையோரத் தூங்குமூஞ்சியில் 3 அடி விட்டத்தைத் தாண்டியவை உண்டு.

பனை இந்தப் பட்டியலில் இருந்தால், பார் நீளத்தை யோசிப்பதற்கு முன்னால் மாவட்ட ஆட்சியரின் அனுமதியைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021இல் தமிழக அரசு அறிவித்துவிட்டது.

எழுதிய பட்டியலில் அடிக்கடி வரும் தடிமனோடு 2 இன்ச் கூட்டுங்கள். அதுதான் மரம் கேட்கும் நீளம். 14 இன்ச் மரத்துக்கு 16 இன்ச் பார். அந்த 2 இன்ச் எதற்கு? பாரின் மூக்கு மறுபக்கம் வெளியே வந்தால்தான் செயின் தூளை முழுவதுமாக வெளியே தள்ளும், வெட்டும் நேராக முடியும். மரம் எங்கும் சரியான வட்டம் அல்ல என்பதும், பட்டையின் முண்டும் முடிச்சும் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும் என்பதும் அதற்குள் அடங்கிவிடும். மிஷினின் முன்பக்க முள் தகடு மரத்தில் ஊன்றும்போது பாரின் நீளத்தில் கொஞ்சம் அதற்கே போய்விடும், அதையும் சேர்த்துத்தான்.

எஞ்சின் எவ்வளவு இழுக்கும்

மரத்தைவிடக் கறாரான வரம்பு இது. மரம் பெரியதென்றால் இரண்டு பக்கமும் அறுத்துச் சமாளிக்கலாம். எஞ்சின் சிறியதென்றால் சமாளிக்க வழியே இல்லை.

பெட்ரோல் மிஷினுக்குத் தோராயமான கணக்கு இது. 30 முதல் 40 சிசி வரை 14 அல்லது 16 இன்ச். 40 முதல் 50 வரை 16 அல்லது 18. 50 முதல் 60 வரை 18, அதிகபட்சம் 20. 60 முதல் 70 வரை 20 முதல் 24. 70 முதல் 80 வரை 20 முதல் 28. அதற்கு மேல் 90 சிசி அளவுள்ளவை 36 இன்ச் வரை இழுக்கும்; அவற்றின் எடையும் விலையும் வேறு உலகம். கடைகளில் அதிகம் பார்க்கும் ஸ்டில் எம்எஸ் 180 மிஷின் 31.8 சிசி, அதற்கு 16 இன்ச்தான் உச்சம். எம்எஸ் 250 மிஷின் 45.4 சிசி, அதற்கு 18 இன்ச்சே நிறைவு. எம்எஸ் 382 மிஷின் 72.2 சிசி, அதில்தான் 20க்கு மேல் நிம்மதியாகப் போகலாம்.

காரணம் பல்லின் எண்ணிக்கையில் இருக்கிறது. நம் ஊர் நடுத்தர மிஷின்களில் ஓடும் .325 பிட்ச் செயினில் ஏறத்தாழ 1.3 இன்ச்சுக்கு ஒரு வெட்டும் பல் வரும். 12 இன்ச் மரத்தில் ஒரே நேரத்தில் 9 பல் கடிக்கிறது. 16 இன்ச்சில் 12. 22 இன்ச் பாரை முழுவதும் புதைத்தால் 17 பல். ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக மரத்தைச் சீவி எடுக்க வேண்டும், அந்த இழுவை முழுவதும் எஞ்சின் தலையில். பச்சை வேம்பில் தாங்குகிற எஞ்சின் வைரம் பாய்ந்த புளியில் தாங்காது.

நீளமான பாரை மாட்டிவிட்டு மெல்லிய மரத்தை மட்டும் அறுத்தால் எஞ்சின் உடனே படுத்துவிடாது என்பதும் உண்மை. 10 இன்ச் மரத்தில் எந்தப் பாரிலும் கடிக்கிற பல் 7 அல்லது 8தான். ஆனாலும் கூடுதல் நீளம் முழுவதும் செயின் உரசிக்கொண்டே ஓடுகிறது, மிஷின் முன்பாரமாகிறது, மூக்கு கண்ணுக்கு எட்டாத இடத்தில் சுற்றுகிறது. அவ்வளவையும் ஏற்று ஒரு பயனும் கிடைப்பதில்லை. இரண்டு நீளத்துக்கும் மத்தியில் ஊசலாடினால் குட்டையானதை எடுங்கள்.

பிராண்டு பெயர் தெரியாத 58 சிசி மிஷின்கள் இப்போது எல்லா ஊரிலும் 22 இன்ச் பாருடன் விற்கின்றன. இவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டிக்கரில் இருக்கும் சிசி உள்ளே இருக்கும் சிலிண்டரோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. மிஷினோடு வரும் புத்தகத்தில் சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் கொடுத்திருந்தால் நீங்களே கணக்கிடலாம்: விட்டத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.785 ஆல் பெருக்கி, பிஸ்டன் நகரும் தூரத்தால் பெருக்குங்கள். விட்டம் 4.5, தூரம் 3.4 என்றால் 54 சிசிதான். சிசியைவிட கிலோவாட் கணக்கு நேர்மையானது. 2.2 அல்லது 2.4 கிலோவாட் என்று போட்டிருந்தால் அது 18 இன்ச் மிஷின். 22 இன்ச் பார் அதில் விற்பனைக்காக மாட்டப்பட்டது.

ஏற்கெனவே அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் மிஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 18 இன்ச் பாரும் அதற்கான செயினும் வாங்கி மாட்டுங்கள். பிட்ச் மாறாதவரை, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டைத் தொட வேண்டாம். அதே மிஷின் வேறு மிஷின் போல ஓடும். கூடவே அரம் பிடிக்கும் வேலையும் குறையும்: 22 இன்ச் செயினில் வழக்கமாக 43 வெட்டும் பல், 18 இன்ச்சில் 36.

பார் எஞ்சினுக்கு மீறிய நீளம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முழு ஆக்சிலேட்டர் கொடுத்தும் வெட்டின் நடுவில் சத்தம் இறங்கும். செயின் நிற்கும், எஞ்சின் மட்டும் ஓடும். கிளட்ச் வழுக்குவதுதான் அது. சில விநாடி அப்படியே அழுத்திப் பிடித்தால் கருகல் வாடை வரும். கிளட்ச் டிரம் நீலம் பாயும். விலை குறைந்த மிஷின்களில் டிரம்முக்குப் பின்னால் ஆயில் பம்பை ஓட்டும் பல்சக்கரம் பிளாஸ்டிக்கில் இருக்கும்; அந்தச் சூட்டில் அது உருகிவிடும். அதற்குப் பிறகு பாருக்கு ஆயில் போகாது, பார் எரியும், கடைக்காரர் "பார் குவாலிட்டி சரியில்லை" என்பார். குற்றம் பாரில் இல்லை. ஆனால் மழுங்கிய செயினும் இதே அறிகுறியைக் காட்டும். ஆகவே முதலில் அரம் போட்டுப் பாருங்கள். தீட்டிய செயின் சோளப்பொரி அளவில் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவாகத் தள்ளும். சீவலாக வந்தும் எஞ்சின் திணறினால் பார் நீளம்தான் காரணம்.

மின்சார மிஷினில் கணக்கு எளிது. 2000 வாட் அளவுள்ள ஒயர் மிஷினுக்கு 14 அல்லது 16. பேட்டரி மிஷினில் 12 அல்லது 14க்கு மேல் போனால் சார்ஜ் வேகமாக இறங்கும்.

ஆயில் மூக்கு வரை போகிறதா

பார் நீளமாக நீளமாகச் செயின் காடிக்குள், அதாவது பாரின் விளிம்பில் உள்ள பள்ளத்துக்குள், உரசும் தூரமும் கூடுகிறது. சிறிய மிஷின்களில் ஆயில் பம்பின் அளவை மாற்ற முடியாது. தயாரித்தவர் எந்த நீளத்துக்குக் கணக்குப் போட்டாரோ அதற்கு மட்டுமே போதும். பெரிய மிஷின்களில் அடியில் ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பிக் கூட்டலாம்.

சோதனை எளிது. ஒரு காய்ந்த அடிக்கட்டையின் மேல் அல்லது விரித்த அட்டையின் மேல், மூக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முக்கால் ஆக்சிலேட்டரில் பத்து விநாடி ஓட்டுங்கள். அட்டையில் மெல்லிய ஆயில் கோடு விழ வேண்டும். மூக்கு தரையில் படக் கூடாது. கோடு விழவில்லை என்றால் பாரைக் கழற்றி, வால்பகுதியில் உள்ள ஆயில் துளையையும் காடியையும் மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். தென்னை அறுத்தால் இந்த அடைப்பு அடிக்கடி வரும், அதன் நார் ஈரத்தோடு திரண்டு மூடிக்குள் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்தும் வரவில்லை என்றால் பம்புக்கு மீறிய பார், அல்லது பம்பே போய்விட்டது.

இன்னொரு வழி டேங்கைக் கவனிப்பது. ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் பெருமளவு இறங்கியிருக்க வேண்டும். பெட்ரோல் காலி, ஆயில் அப்படியே என்றால் உடனே நிறுத்துங்கள்.

பைக்கிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் இரும்புத் தூள் இருக்கும். பம்பையும் காடியையும் அரிக்கும். சுழலும் செயினிலிருந்து அது துளித்துளியாகச் சிதறி உங்கள் தோலிலும் மூக்கிலும் போய்ச் சேரும், தோப்பின் மண்ணிலும் விழும். செயின் ஆயில் கிடைக்காவிட்டால் புது 30 அல்லது 40 கிரேடு எஞ்சின் ஆயில் போதும். கழிவு ஆயில் வேண்டவே வேண்டாம்.

பாரும் செயினும் ஸ்பிராக்கெட்டும் ஒத்துப்போக வேண்டும்

நீளத்தை முடிவு செய்தபின் கடையில் "18 இன்ச் பார் ஒன்று" என்று மட்டும் கேட்டு வாங்கினால் பாதிப் பேருக்கு அது பொருந்தாது. இன்னும் நான்கு விஷயம் சேர வேண்டும்.

பிட்ச் என்பது செயினின் பருமனைச் சொல்லும் அளவு. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டில் முதலாவதன் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம் வரை அளந்து இரண்டால் வகுக்க வேண்டும். அளந்ததை அப்படியே ஒப்பிட்டாலும் போதும்: மூன்று ரிவெட்டுக்கு 12.7 மிமீ வந்தால் கால் இன்ச் பிட்ச், 16.5 வந்தால் .325, 19 வந்தால் 3/8, 20.5 வந்தால் .404. சிறிய மிஷின்களில் வரும் 3/8, 'லோ புரொபைல்' என்ற தாழ்ந்த வகை. பெரிய மிஷினின் 3/8 செயினும் அதுவும் ஒன்றல்ல, மாற்றிப் போடக் கூடாது. பிட்ச், ஸ்பிராக்கெட்டோடும் பாரின் மூக்குச் சக்கரத்தோடும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் சில நிமிடத்தில் ஸ்பிராக்கெட் பல்லை அரைத்துவிடும்.

கேஜ் என்பது பாரின் காடி அகலம். 1.1, 1.3, 1.5, 1.6 மிமீ என்று நான்கு. செயினின் அடியில் காடிக்குள் இறங்கும் டிரைவ் லிங்க்கை வெர்னியரில் அளந்தால் தெரியும். 1.3 செயினை 1.5 பாரில் போட்டால் அது உட்கார்ந்துவிடும், ஓடவும் ஓடும், அதுதான் சிக்கல். காடிக்குள் சாய்ந்து ஓடி, வெட்டு வளைந்து போகும். 1.6 செயின் 1.5 பாரில் இறங்கவே இறங்காது.

டிரைவ் லிங்க் எண்ணிக்கை செயினின் சுற்றளவைத் தீர்மானிப்பது. ஒரே 18 இன்ச் பாருக்கு ஒரு பிராண்டில் 68, இன்னொன்றில் 72 என்று மாறும். மேலே சொன்ன 58 சிசி ரக மிஷின்களில், .325 பிட்ச், 1.5 கேஜ் என்றால் பெரும்பாலும் 18 இன்ச்சுக்கு 72, 20 இன்ச்சுக்கு 76, 22 இன்ச்சுக்கு 86. எண்ணும்போது தொடங்கிய லிங்க்கில் சுண்ணாம்பு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தவறினாலும் செயின் மாட்டாது, அல்லது டைட் ஆகாது.

நான்காவது, பாரின் வால் வடிவம். போல்ட் போகும் நீள்துளையின் அகலம், டைட் செய்யும் முளை உட்காரும் துளையின் இடம், ஆயில் துளையின் இடம் மூன்றும் மிஷினுக்கு மிஷின் மாறும். ஸ்டில்லிலேயே சிறிய மிஷினுக்கு 3005, பெரியதற்கு 3003 என்று இரண்டு வகை. போல்ட்டில் உட்கார்ந்துவிட்டது என்பதாலேயே பொருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆயில் துளை மிஷினின் ஆயில் வாயோடு நேர்ப்படவில்லை என்றால் புதுப் பார் அரை நாளில் எரிந்துவிடும். பழைய பாரையும் செயினையும் கையோடு எடுத்துப் போய், புதியதன் மேல் வைத்து ஒப்பிட்டு வாங்குவதுதான் குழப்பமில்லாத வழி.

எந்த வேலைக்கு எது

வீட்டுத் தோட்டம், விழுந்த கிளை, விறகு: 35 சிசிக்குள் ஒரு மிஷின், 14 இன்ச். 16 வரை போகலாம்.

தென்னந்தோப்பு, வேலி, பண்ணை வேலை: 45 முதல் 55 சிசி, 16 அல்லது 18 இன்ச். தென்னையில் பருமனைவிடத் தோல்கடினம்தான் சோதனை. வெளிச்சுற்று இரும்பு போல, உள்ளே மெத்தென்று இருக்கும். வெளிச்சுற்றே செயினை வேகமாக மழுக்கும், அதில் படிந்த மண்ணும் மணலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நீளமான பார் இங்கே எதையும் தீர்க்காது; இரண்டு செயின் தீட்டி வைத்துக்கொள்வது தீர்க்கும். .325 செயினுக்கு 4.8 மிமீ ரவுண்டு அரம், லோ புரொபைல் 3/8க்கு 4 மிமீ. பருத்த தூரை விட்டு, நடுமரம் சீராகும் இடத்தில் அறுத்தால் 16 இன்ச் பாரே போதும்.

சவுக்கு, தைலமரம், சீமைக் கருவேலம் கூலிக்கு அறுப்பவர்கள்: எஞ்சின் பெரியதாக இருக்கலாம், பார் 15 அல்லது 16க்கு மேல் வேண்டாம். நாள் முழுதும் குனிந்து தரைமட்டத்தில் அறுக்கும் வேலை இது. முன்பாரம் குறைந்தால் இடுப்பு தாங்கும். நீளமான மூக்கு தரையில் ஒருமுறை உரசினாலே செயின் போச்சு.

பெரிய சாலையோர மரங்கள், புயல் வேலை: 70 சிசிக்கு மேல், 24 இன்ச் பார், கூடவே கிளை கழிக்க ஒரு சிறிய மிஷின். 24க்கு மேல் போகிறவர்கள் 'ஸ்கிப்' செயின் கேட்டு வாங்கலாம். அதில் பற்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் எஞ்சினுக்கு இழுவை குறையும், தூள் வெளியேற இடமும் கிடைக்கும்.

மரமேறி ஒற்றைக் கையால் சாதாரண மிஷினைப் பிடித்து அறுப்பது எந்தப் பார் நீளத்திலும் கூடாது. மேலே பயன்படுத்தத் தனி வடிவ மிஷின் உண்டு, 10 அல்லது 12 இன்ச் பாருடன். அது இடுப்புக் கயிறும் பயிற்சியும் உள்ளவர்களுக்கு மட்டும்.

பாரைவிடப் பருத்த மரம் வந்தால்

2016 டிசம்பரில் வர்தா சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவிலும் சாய்த்த மரங்களைப் போல, கையிலிருக்கும் பாரைவிடப் பெரிய மரம் வழியை மறித்துக் கிடக்கலாம். விழுந்து கிடக்கும் மரமென்றால் 18 இன்ச் பாரால் 30 இன்ச் வரை இரண்டு பக்கமும் அறுத்து முடிக்கலாம். நிற்கும் மரத்தைப் பாரைவிடப் பெரிய விட்டத்தில் சாய்ப்பது வேறு வித்தை. புதியவர்கள் அதில் இறங்காதீர்கள்.

முதலில் மரம் எதன் மேல் தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். இரு முனையும் தாங்கி நடு அந்தரத்தில் இருந்தால் மேல்பக்கம் நெருக்கும், அடிப்பக்கம் விரியும். ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் நேர்மாறு. நெருக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை அறுத்துவிட்டு, விரியும் பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். மாற்றி அறுத்தால் பார் கவ்விக்கொள்ளும், அல்லது மரம் பிளந்து எகிறும். சரிவில் என்றால் எப்போதும் மேட்டுப் பக்கம் நில்லுங்கள்.

தரையில் படிந்து கிடக்கும் மரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்க வெட்டும் சந்திக்காது. உங்கள் பக்கத்தில் முள் தகட்டை ஊன்றி, பாரின் உடலுக்கு அருகில் உள்ள அடிப்பகுதியால் தொடங்கி, மெல்லப் பாதி வரை இறக்குங்கள். பார் முழுசாக வெட்டுக்குள் போனதும் பின்னால் ஒரு மரத்தாலான அல்லது பிளாஸ்டிக் ஆப்பைத் தட்டி வையுங்கள். இரும்பு ஆப்பு செயினில் பட்டால் பல் பறக்கும். மிஷினை அணைத்து மறுபக்கம் போய் அதே கோட்டில் தொடருங்கள். அடியில் ஓரிரு இன்ச் மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, கடப்பாரையால் மரத்தைப் புரட்டி, மிச்சத்தை மேலிருந்து முடியுங்கள். செயின் மண்ணைத் தொடாது.

இந்த வேலையில் மூக்கு மரத்துக்குள்ளேயே புதைந்து ஓடும். மூக்கின் மேல்பாதி எதிலாவது கடினமாக இடித்தால் மிஷின் கண நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும், அதுதான் கிக்பேக். எனவே வெட்டை மூக்கால் தொடங்கக் கூடாது. நீளமான பாரில் இந்த ஆபத்து வேறு வழியில் வருகிறது: மெல்லிய மரத்தை அறுக்கும்போது மூக்கு மறுபக்கம் ஆறேழு இன்ச் நீட்டிக்கொண்டு, நீங்கள் பார்க்காத கல்லிலோ அடுத்த கட்டையிலோ இடிக்கும். பாரின் நீளத்தைக் குறைக்கச் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம். இடது கைக் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றியே இருக்கட்டும், செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் ஓட்டிப் பாருங்கள். தலைக்கவசம், முகவலை, காதடைப்பு, பூட்ஸ், செயின் தடுக்கும் கால்துணி இல்லாமல் தொடங்காதீர்கள்.

புதுப் பாரை மாட்டும்போது

பிளக் தொப்பியைக் கழற்றி, செயின் பிரேக்கை விடுவித்து, மூடியைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் தூளையும் நாரையும் பிரஷால் துடையுங்கள். பாரை போல்ட்டில் மாட்டி, ஸ்பிராக்கெட்டிலிருந்து செயினைச் சுற்றிக் காடிக்குள் இறக்குங்கள். பாரின் மேல்பக்கத்தில் வெட்டும் பல்லின் கூர்முனை மூக்கை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டு "புது செயினே அறுக்கவில்லை" என்று கடைக்கு வருபவர்கள் நிறைய. டைட் செய்யும் முளை பாரின் துளையில் விழுந்ததா என்று உறுதி செய்தபின் மூடியைப் போட்டு நட்டைக் கையால் மட்டும் திருகுங்கள்.

இனி மூக்கைச் சற்று மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே டைட் திருகைத் திருப்புங்கள். பாரின் அடியில் செயின் தொங்காமல் ஒட்ட வேண்டும். அதே நேரம் கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். மூக்கைத் தூக்கியபடியே நட்டை இறுக்குங்கள். புதுச் செயின் முதல் அரை மணி நேரத்தில் நீளும். இரண்டு மூன்று முறை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி டைட் செய்ய வேண்டிவரும். பார் நீளமாக இருந்தால் இந்தத் தொய்வும் அதற்கேற்பக் கூடும்.

சூடாக இருக்கும்போது டைட் செய்த செயினை அப்படியே விட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஆறும்போது அது சுருங்கி, கிராங்க் ஷாஃப்டையும் பேரிங்கையும் இழுக்கும். வேலை முடிந்ததும் தளர்த்திவிட்டுப் போய், மறுநாள் காலையில் மறுபடி டைட் செய்யுங்கள்.

ஒவ்வொரு முறை செயின் தீட்டும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், அடிப்பக்கம் மட்டும் தேயாமல் இருக்கும். காடியின் விளிம்பில் விரலை ஓட்டினால் பிசிறு தட்டுப்படும். தட்டை அரத்தால் சீவிவிடுங்கள். மூக்குச் சக்கரத்தில் கிரீஸ் துளை இருந்தால் கிரீஸ் வையுங்கள். ஒரு நேரான இரும்புச் சட்டத்தைப் பாரின் பக்கவாட்டில் அணைத்து வைத்து, அது செயினின் வெட்டும் பல்லிலும் பாரிலும் ஒரே நேரத்தில் படுகிறதா என்று பாருங்கள். இடைவெளி இல்லாமல் படிந்தால் காடி தேய்ந்து செயின் சாய்ந்துவிட்டது, புதுப் பாருக்கு நேரம் வந்துவிட்டது.